பசு கன்று போட்ட வாரம்: கடலூர், புதுச்சேரி, ஐந்து நாள்

முதல் நாள், திருப்பாதிரிப்புலியூர்

திருச்சியில் விடியற்காலை ஏறிய பஸ் பதினோரு மணிக்குக் கடலூரில் இறக்கிவிட்டது. நிலையத்து வாசலிலேயே தம்பி நின்றுகொண்டிருந்தான். நெற்றியில் மூன்று பட்டை, கழுத்தில் ஒற்றை உருத்திராட்சம். இத்தனை நாளாகப் பார்த்தும் எனக்கு இது பழகவில்லை.

இவன் யார் என்று சொன்னால்தான் இந்தக் குறிப்புகள் புரியும். கல்லூரி நாட்களில் கறுப்புச் சட்டை தவிர வேறு உடுத்தாதவன். அப்பாவின் முதல் திதிக்குக் கீழே இறங்கிவர மாட்டேன் என்று மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்திருந்தவன். நான் அப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிற பெண். இரவெல்லாம் வாதாடி, புத்தகம் கொடுத்து, கேலி செய்து, கடைசியில் என்னை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனவன் இவன்தான். போன இடத்திலேயே நான் இருக்கிறேன். இவனுக்கு ஆறு வருடத்துக்கு முன்னால் இருதயத்தில் பைபாஸ் நடந்தது. அதற்குப் பிறகு பிரதோஷம் தவறுவதில்லை. என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவன் மட்டும் திரும்பி வந்துவிட்டான்.

"அக்கா, நடை சாத்துவதற்குள் கோயிலுக்குப் போய்விடலாம். சாப்பாடு பிறகு."

"நான் வாசலில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன்."

"செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறார்கள். நீ உள்ளே வா."

பாடலீசுவரர் கோயில். தல மரம் பாதிரி. ஊர்ப் பெயரின் முதல் பாதி அதுதான். இந்த ஊரில்தான் பழைய பாடலிபுத்திரம் என்ற சமணக் கல்வி நிலையம் இருந்தது. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் இங்கே வந்து சமணராகித் தருமசேனர் என்று பெயர் பெற்றுத் தலைமை நிலைக்கு உயர்ந்தார். பிறகு சூலை நோய் வந்தது. சமணர்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தும் வயிற்று வலி தீரவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு, அக்காள் திலகவதியிடம் போனார். அவர் திருநீறு கொடுத்தார். தருமசேனர் நாவுக்கரசரானார். பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் எறிந்தான், கல் மிதந்தது. கரையேறியதும் இந்தக் கோயிலுக்கு வந்து பாடிய பதிகம், சிவனைத் தாயாகவும் தந்தையாகவும் உடன்பிறந்தாராகவும் சொல்லித் தொடங்குகிறது.

தம்பி இதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. உண்மையாகவே. நான் கேலி செய்யவில்லை. ஆனால் என் கவனம் போன இடம் வேறு. வலி வந்தது, அதன் பிறகுதான் பார்வை மாறியது. தலையில் தொடங்கிய மாற்றம் இல்லை இது, வயிற்றில் தொடங்கியது. இவனுக்கு நெஞ்சில்.

இன்னொன்றும் உண்டு. முப்பத்து மூன்று வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இந்த ஊரில் வேறொரு புனிதம் தெரியும். இங்கிருந்த சமணப் பள்ளியில் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், லோகவிபாகம் என்ற நூலை சர்வநந்தி எழுதினார். உலகத்தின் அளவுகளைச் சொல்லும் நூல். நமக்குக் கிடைத்திருப்பது பிற்கால வடமொழி வடிவம். பெரிய பெரிய எண்களை இட மதிப்பு முறையில், சுழியத்துக்கு உரிய இடம் கொடுத்து எழுதியிருக்கிறது. அப்படி எழுதிய நூல்களில், எழுதப்பட்ட தேதி தெரிந்தவற்றுள் மிகப் பழையது இதுதான் என்பார்கள். அப்பருக்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் முன்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு "ஒன்று, பத்து, நூறு" என்று கட்டம் போட்டுக் காட்டிய ஒவ்வொரு நாளும் நான் இந்த ஊருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

கோயில் கதையில் அந்தப் பள்ளி வரும்போது கல்லில் கட்டி எறிந்தவர்களாக மட்டுமே வருகிறது. மன்னனும் மனம் மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலைக் கட்டினான் என்று பெரியபுராணமே பெருமையாகச் சொல்கிறது. இடிபட்ட பக்கத்தில் அன்றிரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தாலும் நமக்கு வந்து சேரவில்லை.

"சுழியம் இங்கே எழுதினார்கள் தெரியுமா?" என்றேன்.

"தெரியும். நீதான் நூறு தடவை சொல்லியிருக்கிறாய்."

"அதற்கு ஒரு பலகையாவது வைத்திருக்கிறார்களா பார்."

அவன் பதில் சொல்லவில்லை. தெற்குப் பக்கம் சுற்றி வரும்போது, "வைத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

மாலை வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்டகுப்பம் போனோம். அப்பர் கரையேறிய இடம். கடல் இப்போது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

இரண்டாம் நாள், தேவனாம்பட்டினம்

நேற்றைய குறிப்பைத் தம்பி படித்துவிட்டான். காலையில் காப்பியோடு வந்து நின்று, "வலி வந்ததால் பார்வை மாறவில்லை, அக்கா. வலி வந்து மூன்று மாதம் படுத்திருந்தபோது எனக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பார்த்தேன். இரண்டும் ஒன்றில்லை" என்றான். அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் யோசிக்கவில்லை.

புனித டேவிட் கோட்டையில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. கெடிலம் கடலில் சேரும் இடத்தருகே இடிந்த செங்கல் சுவர்கள், முள், ஆடு. ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் ஆங்கிலேயர்களுக்குத் தலைமையிடமே இதுதான். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததிலிருந்து 1752 வரை. ராபர்ட் கிளைவ் 1756இல் இதற்குக் கவர்னராக இருந்தான். இரண்டே வருடத்தில், 1758இல், பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்துப் போட்டான். நாம் பார்ப்பது அந்த மிச்சம்.

இந்தக் கோட்டையை விற்ற முறைதான் எனக்குப் பிடித்த கதை. 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டியர்களிடம் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி இதை விலை பேசியது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை, எல்லாத் திசையிலும். சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பிற்காலத்தில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகமே இவர் பெயரை வைத்துக்கொண்டது. நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். எவ்வளவு தூரம் போகும் என்பது சுடுகிறவன் சாமர்த்தியத்தில் இருக்கிறது என்றும் சொல்லி அனுப்பினார்கள். குண்டு விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கடலூரில் இன்றும் குண்டு சாலை இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் சொன்னால் கொண்டுபோய் விடுவார்.

மணலில் குச்சியால் வட்டம் போட்டுத் தம்பிக்குக் காட்டினேன். பீரங்கியை நாற்பத்தைந்து பாகைக்குத் தூக்கி வைத்தால், காற்றை விட்டுவிட்டால், குண்டு அதிகத் தூரம் போகும். தூரம் இரண்டு மடங்கானால் நிலம் நான்கு மடங்கு. கையெழுத்துப் போட்டவருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்காது. பீரங்கி வைத்திருந்தவருக்குத் தெரியும். அன்று காலை வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவருக்கு எதுவுமே தெரியாது. திடீரென்று ஓர் இரும்புக் குண்டு வரப்பில் வந்து விழுந்திருக்கும். அவர் யாருடைய குடி என்பது அந்த வரப்பில் முடிவாகியிருக்கும். ஐம்பது அடி தள்ளி விழுந்திருந்தால் வேறு ராசா.

கடற்கரையில் வலை சரி செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்தோம். கிழிந்த கண்ணைத் தேடிப் பிடித்து, கால் பெருவிரலில் மாட்டி இழுத்து, ஊசியை உள்ளே விட்டு ஒரு முடிச்சு. அடுத்த கண். பேசும்போதும் கை நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26 காலை அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறார். அலை வந்ததைப் பற்றி அவராகச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. படுக்கையைப் பற்றிச் சொன்னார்.

"அதற்கு முன்னால் கடல் பக்கம் தலையை வைத்துப் படுப்போம் அம்மா. சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கும். இப்போது காலை நீட்டிப் படுக்கிறோம். எழுந்தவுடன் ஓட வேண்டுமே."

"இருபது வருடம் ஆகிவிட்டதே ஐயா."

"என் பேரன் தலையை வைத்துத்தான் படுக்கிறான். அவனுக்குத் தெரியாது. நான் திருப்பிப் போடுவேன், தூக்கத்தில் அவன் மறுபடி திரும்பிக்கொள்வான்."

தம்பி அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அவன் கடலூரில்தான் இருந்தான். பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்ததைப் பார்த்திருக்கிறான். பலா மீண்டும் காய்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று வயதானவர்கள் நிலத்தை விற்றார்கள், வாங்கியவர்கள் வேறு பயிர் வைத்தார்கள் என்றான். புயல் ஒரே இரவுதான்.

மதியம் முதுநகர் போனோம். உப்பனாற்றில் படகுகள், மீன் வாடை, நல்ல சாப்பாடு. எழுத வேறு எதுவும் இல்லை.

மூன்றாம் நாள், முள்ளோடை தாண்டி

கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்து சொச்சம் கிலோமீட்டர். ஆல்பேட்டை சோதனைச் சாவடி, தென்பெண்ணைப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை. ரெட்டிச்சாவடி வரை தமிழ்நாடு. முள்ளோடையில் ஒரு வளைவு. அதைத் தாண்டியவுடன் சாலையின் இருபுறமும் மதுக்கடைகள். பல வண்ண விளக்கும் பெரிய பெயர்ப் பலகையுமாகக் காலை பத்து மணிக்கே கலகலப்பு. பஸ்ஸிலிருந்து நான்கு பேர் அங்கே இறங்கினார்கள். ஒருவரிடமும் பை இல்லை. அரசு மாறினால் விலை மாறும், விலை மாறினால் மனிதர் நடக்கும் திசை மாறும்.

பாரதியார் இந்த எல்லையை எதிர்த்திசையில் கடந்தார். 1908இல் பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பிப் புதுச்சேரிக்கு வந்தவர், பத்து வருடம் கழித்து, 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கைதானார். கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்து டிசம்பர் 14 அன்று விட்டார்கள். நாங்கள் டிக்கெட் எடுத்து அரை மணி நேரத்தில் கடந்துவிட்டோம். நடுவில் நான் கொஞ்சம் தூங்கியும் விட்டேன்.

முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. ஆலையின் நீண்ட மதில் வந்தது. இப்போது மூடிக் கிடக்கிறது. புதுச்சேரியின் பஞ்சாலைகளில் 1936 ஜூலை 30 அன்று நடந்ததைத் தம்பிதான் எனக்கு முதலில் சொன்னான், அந்தக் கறுப்புச் சட்டைக் காலத்தில். வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்ட தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே எட்டு மணி நேர வேலைக்குப் பிரெஞ்சு அரசு சட்டம் போட்டது. இன்று மதிலைப் பார்த்ததும் அவனே ஞாபகப்படுத்தினான். குரலில் பழைய சூடு அப்படியே இருந்தது. பட்டை பூசியவனுக்குள் இது எங்கே இருந்தது என்று ஆச்சரியப்பட்டேன்.

"அதையெல்லாம் நான் விடவில்லையே அக்கா. விட்டேன் என்று நீயே முடிவு செய்துகொண்டாய்."

சரிதான். நான்தான் முடிவு செய்தேன். முடிவு செய்து ஆறு வருடம் அவனோடு அரசியலே பேசவில்லை.

முத்தியால்பேட்டையில் பெரியம்மா வீடு. வயது 83. வந்ததும் கன்னத்தைத் தடவி, "திருச்சி வெயிலில் கருத்துவிட்டாய்" என்றார். நான் பிறந்ததிலிருந்து இதே நிறம்தான்.

இந்த வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர் உண்டு. பெரியப்பாவும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்தபோது எழுப்பியது. அந்தப் பக்கத்தில் இருந்தவரை ஊரில் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரைக்கும் போய் வந்தவர். 'சொல்தா' என்றால் பிரெஞ்சில் சிப்பாய். புதுச்சேரித் தமிழில் அதற்கு மேலும் பொருள் உண்டு. பென்ஷன், மிலிட்டரி ஒயின், ஜூலை 14 அணிவகுப்பில் மார்பில் பதக்கம், வீட்டில் பெண் கேட்டு வருகிறவர்களின் வரிசை, எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கும்.

கதை இதுதான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தால் இந்தியக் குடிமகன். பிரெஞ்சுக் குடியுரிமையே தொடர வேண்டும் என்றால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தகப்பன் போட்டால் கல்யாணமாகாத சின்னப் பிள்ளைகளுக்கும் அதுவே செல்லும்.

சொல்தா போட்டார். பெரியப்பா போடவில்லை.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கிணற்றுத் தண்ணீர். சுவருக்கு அந்தப் பக்கம் பிராங்கிலும் பிறகு யூரோவிலும் பென்ஷன். இந்தப் பக்கம் ஆலையில் நெசவுக் கூலி. அந்தப் பக்கத்துப் பேரன் பாரிஸ் அருகில் இருக்கிறான். பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு அங்கேயே வாக்களிக்கிறான். அந்தப் பாதி வீட்டுக்கு மஞ்சள் சுண்ணாம்பு அடித்துக் காகிதப்பூக் கொடி ஏற்றி, பயணிகள் தங்க வாடகைக்கு விட்டிருக்கிறான். இந்தப் பாதியில் பெரியம்மா இருக்கிறார், மின்விசிறியில் சத்தம் வருகிறது.

பெரியப்பா ஏன் போடவில்லை? இதற்கு இந்தக் குடும்பத்தில் குறைந்தது மூன்று பதில் உண்டு என்று எனக்குத் தெரியும். நாளை எழுதுகிறேன். கண் சொக்குகிறது.

நான்காம் நாள், வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

காலையில் தம்பியோடு நடை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். கிழக்கில் மதிலெல்லாம் மஞ்சளும் வெள்ளையும். அதற்கு முன்னால் ஒவ்வொரு பத்து அடிக்கும் ஒரு ஜோடி, புகைப்படக்காரரோடு. கல்யாணத்துக்கு முந்திய படங்களாம். ஒரே கதவுக்கு மூன்று ஜோடிகள் வரிசையில் நின்றார்கள். கடற்கரையில் மேரி கட்டடம், பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகம், பளிச்சென்று நிற்கிறது. 2014 மழையில் பழையது இடிந்து விழுந்த பிறகு அதே மாதிரி கட்டியது. பழசு என்று நினைத்துத் தடவிப் பார்த்த ஒரு பெண்ணிடம் தம்பி உண்மையைச் சொல்லப்போனான். நான் தடுத்துவிட்டேன்.

நான் இங்கே தேடி வந்தது ஒரு சப்பாத்துக் கதை. வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873இல் ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் அல்லது நாட்டுச் செருப்போடு வர வேண்டும். நீதிபதி அவரை உள்ளே விடவில்லை. அவர் பாரிஸ் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் வென்றார்.

அதோடு நிற்கவில்லை. 1881 செப்டம்பர் 21 அன்று ஓர் ஆணை வந்தது. சாதி, சமய வழக்கப்படியான சொந்தச் சட்டத்தை ஓர் இந்தியர் விட்டுக்கொடுத்தால் அவருக்குப் பிரெஞ்சுச் சிவில் சட்டம் பொருந்தும். விட்டது விட்டதுதான், திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் சேர்த்தே பொருந்தும். துறந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி தமக்கு வைத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் வாசல் என்று பொருள். உள்ளே விடாமல் நிறுத்தப்பட்ட மனிதர்!

அந்த வாசலில் நுழைந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் கிறிஸ்தவர்களும். சாதியில் மேலே இருந்தவர்கள் எதிர்த்தார்கள். அவர்களுக்கு அது அந்நியனுக்கு அடிபணிவது. காலங்காலமாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தவருக்கு அதே ஆணை வேறு மாதிரி தெரிந்திருக்கும். இதில் யார் தேசபக்தர், யார் துரோகி என்று பள்ளிப் பாடத்தில் கேள்வி வைத்தால் நான் அந்தக் கேள்வியையே அடித்துவிடுவேன். மதிப்பெண் எல்லோருக்கும் உண்டு.

நான் தம்பியைப் பார்த்து, "வயிறு, நெஞ்சு, இப்போது கால். என் கணக்கு சரியாகத்தான் வருகிறது" என்றேன். அவன் சிரித்தான். "பெருமாள் கோயில் தெருவுக்கு வா."

அங்கே பாரதிதாசன் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. கனக சுப்புரத்தினமாக 1891இல் பிறந்தவர். மயிலம் முருகன் மீது துதி பாடியவர். பாரதியாரைச் சந்தித்தார், பெயரை மாற்றிக்கொண்டார். பிறகு பெரியாரின் பக்கம் வந்து கடவுளையே கேள்வி கேட்டார். பிரெஞ்சு அரசுப் பள்ளியில் தமிழாசிரியராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே.

"இவருக்கு எங்கே வலித்தது, சொல்" என்றான் தம்பி. "வயிறா, காலா? நேரே வந்த திசைக்கு எதிரே போய்விட்டார். ஒரு மனிதரைப் பார்த்தார், அவ்வளவுதான். நீயும் அப்படித்தானே? உனக்கு என்ன நோய் வந்தது? நான் பேசினேன், நீ மாறினாய்."

என்னிடம் பதில் இல்லை. கூட்டிப் பார்த்த கணக்கில் என்னையே சேர்க்காமல் விட்டிருந்தேன். பிள்ளைகள் செய்தால் சுழித்துவிடுவேன்.

திரும்பும் வழியில் ரங்கப்பிள்ளை வீதி. ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரன் கோயிலைத் துய்ப்ளே இடித்ததை மனம் நொந்து பதிந்திருக்கிறார். அதே நாட்களில் அதே துய்ப்ளேக்குக் காரியங்களும் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பகலில் ஒரு கண், இரவில் எழுதும்போது இன்னொரு கண். அவரைக் கோழை என்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவர் எழுதி வைக்கவில்லை என்றால் அந்த இடிபாடும் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளி மாதிரி ஒரு பக்கத்துக் கதையாகப் போயிருக்கும்.

இரவு பெரியம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

பெரியப்பா ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பதற்குச் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பதில்: சோம்பேறித்தனம். காத்து நிற்கச் சோம்பி நாளைக்கு, நாளைக்கு என்று தவணையை விட்டுவிட்டார். பெரியப்பாவின் மூத்த மகன், என் அண்ணன், சொல்லும் பதில்: தேசபக்தி. அப்பாவின் நெஞ்சில் மூவர்ணக் கொடி. அண்ணன் இதைச் சுதந்திர தின மேடையிலேயே சொல்லியிருக்கிறார். எங்கள் அம்மா சொன்ன பதில்: பாட்டிதான் தடுத்தாள். பெண்ணைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் மாப்பிள்ளையின் காலைப் பிடித்து அழுதாளாம்.

பெரியம்மா மூன்றையும் கேட்டுவிட்டுக் காலை மாற்றி நீட்டினார்.

"எல்லாம் இவர்களாகச் சொல்வது. அந்த வாரம் நம் பசு கன்று போட்டது. கன்று புரண்டு கிடந்தது, வைத்தியரைத் தேடி உங்கள் பெரியப்பா வில்லியனூர் வரைக்கும் போனார். அலைந்ததில் விட்டுப்போயிற்று."

"ஆறு மாதம் தவணை பெரியம்மா. ஆறு மாதமுமா பசு கன்று போட்டது?"

"அதைத்தான் நானும் அவரிடம் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தம்பி தண்ணீர் எடுத்துவர வேண்டியதாயிற்று.

"பிறகு என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை. மாட்டுக்குத் தவிடு வைக்கப் போய்விட்டார்."

வருத்தம் உண்டா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "அவர்கள் வீட்டுக்குப் பணம் வந்தது, பிள்ளைகள் போய்விட்டார்கள். எங்கள் வீட்டுக்குப் பணம் வரவில்லை, பிள்ளைகளும் போய்விட்டார்கள்" என்றார். "எண்ணெய் போதும், கையைக் கழுவு."

ஐந்தாம் நாள், திரும்பும் வழி

கீழூர் நினைவிடத்துக்குப் போகலாம் என்றிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. தை மாதத்தில் மழை; தம்பி குற்றம் சாட்டுவது போல வானத்தைப் பார்த்தான். அந்த எட்டுப் பேரின் வீடுகளில் இன்று என்ன கதை சொல்கிறார்கள் என்று கேட்க ஆசை. அடுத்த முறை.

பஸ் ஏற்றிவிடத் தம்பி வந்தான். வழியில் நான் அவனிடம் ஒன்று சொன்னேன். திதியன்று அவன் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது, அம்மா மூன்று தடவை மோரை என்னிடம் கொடுத்து மேலே அனுப்பினாள். குடித்தானா என்று கேட்டுவரச் சொன்னாள். அவனைக் கூப்பிட்டுவரச் சொல்லவே இல்லை. இத்தனை வருடத்தில் இதை அவனிடம் சொன்னதில்லை.

"மோர் உன் வேலை என்றல்லவா நினைத்தேன்" என்றான்.

"நான் அன்றைக்கு உன்மேல் கோபமாக இருந்தேன். விளக்கேற்றுகிற பெண் அல்லவா."

அவன் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்து நீட்டினான். பாடலீசுவரர் கோயில் விபூதி. எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்காம். வாங்கி மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். அங்கேதான் இடம் இருந்தது.

பஸ் விழுப்புரம் தாண்டும்போது போன் அடித்தது. பெரியம்மா. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் எண்ணைப் போடச் சொல்லிப் பேசுகிறார். இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன் கண்ணு. பசு இல்லை. பசுவை அதற்கு முந்தின வருடமே விற்றுவிட்டோம். அது எருமை."